ஆயிலில் தண்ணீர் கலந்தால்... எஞ்சினைப் பிரிக்கும் முன் வழியைக் கண்டுபிடியுங்கள்

பழைய டிராக்டர் வைத்திருக்கும் விவசாயிகள் காலையில் டிப் ஸ்டிக்கை உருவிப் பார்ப்பதுண்டு. ஆயில் குறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, கூடியிருக்கிறதா என்று பலர் பார்ப்பதில்லை. ஊற்றாமலே மட்டம் ஏறியிருந்தால் சம்ப்புக்குள் ரேடியேட்டர் தண்ணீரோ டீசலோ இறங்குகிறது என்று பொருள்.

டீசல் என்றால் ஆயில் கறுப்பாகவே இருக்கும். ஆனால் நீர்த்துப்போய் டீசல் வாடை அடிக்கும். பெரும்பாலும் ஃபீட் பம்பின் டயஃப்ரம் கிழிந்திருக்கும். தண்ணீர் என்றால் ஆயில் மோர் போல வெளுத்துவிடும். வெளுத்த ஆயில் பேரிங்கைக் காப்பாற்றாது. "இந்த இரண்டு ஏக்கரை மட்டும் உழுதுவிடுவோம்" என்று ஓட்டினால், காஸ்கெட் செலவோடு முடிய வேண்டியது கிராங்க் ஷாஃப்ட் கிரைண்டிங் வரை போய்விடும். பழைய ஜீப், கார் எஞ்சின்களுக்கும் இது பொருந்தும்.

ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் வெண்ணெய் போலப் படிந்திருந்தால் பதற வேண்டாம். மழைக்காலத்தில் எஞ்சின் நன்கு சூடேறாமல் சிறு தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில் காற்றின் ஈரமே இப்படிப் படியும். ரேடியேட்டர் மட்டம் குறையாமலும், டிப் ஸ்டிக்கில் ஆயில் தெளிவாகவும் இருந்தால் பழுது இல்லை.

சந்தேகம் தீர எளிய வழி உண்டு. இரவு முழுவதும் வண்டியை நிறுத்தி வைத்து, காலையில் ஸ்டார்ட் செய்யாமல் சம்ப்பின் டிரெயின் போல்ட்டைச் சற்றே தளர்த்துங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. அடியில் தங்கி முதலில் அதுவே சொட்டும். கடைந்து கலந்துவிட்ட தண்ணீர் இப்படிப் பிரியாது. அதற்கு ஒரு இரும்புத் தகட்டைச் சூடாக்கி, அடுப்பை விட்டு இறக்கி, இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் இருக்கிறது. தகடு பழுக்கக் காயக் கூடாது, ஆயில் தீப்பிடிக்கும்.

வழி எது?

தண்ணீர் என்றதும் ஹெட் காஸ்கெட்டின் மேல் பழியைப் போட்டு ஹெட்டைக் கழற்றிவிடுவது பட்டறைகளில் சாதாரணம். புதுக் காஸ்கெட் போட்ட மறுவாரமே மீண்டும் தண்ணீர் இறங்கும். கோளாறு வேறிடத்தில் இருந்தால் அப்படித்தான். ஆகவே கழற்றுவதற்கு முன் சோதித்துவிடுவது நலம்.

எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டரை நிரப்பி, மூடியைத் திறந்தே வைத்து, ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு இரண்டு நிமிடம் மட்டும் ஓட்டுங்கள். குமிழிகள் விடாமல் கிளம்பினால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது. காஸ்கெட் எரிந்திருக்கும், அல்லது ஹெட் வெடித்திருக்கும். சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருவதும் இதே அறிகுறி. சூடான ரேடியேட்டரின் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள்.

குமிழி இல்லை, புகை இல்லை, எஞ்சின் கொதிக்கவும் இல்லை. ஆனால் நிறுத்தி வைத்த இரவிலேயே ரேடியேட்டரில் தண்ணீர் குறைகிறது என்றால் லைனரைக் கவனியுங்கள். வெட் லைனர் எஞ்சின்களில் லைனரைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். அது கீழே இறங்காமல் தடுப்பது சில ரப்பர் வளையங்களே. வருடக்கணக்கில் அவை கெட்டிப்பட்டு ஒழுகும். ஆயிலை வடித்து, சம்ப்பைக் கழற்றி, ரேடியேட்டரை நிரப்பிவிட்டு அடியில் காய்ந்த அட்டையை விரித்து வையுங்கள். லைனரின் வெளிச்சுற்றில் சொட்டினால் வளையம். சிலிண்டருக்குள்ளிருந்து சொட்டினால் லைனரில் ஓட்டை, அல்லது மேலே காஸ்கெட், ஹெட் கோளாறு. சில எஞ்சின்களில் டைமிங் கவர் வழியாகவும் ஒழுகும்.

தண்ணீரில் ஆயில் மிதப்பது வேறு கதை. ஓடும்போது ஆயில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 2 முதல் 4 கிலோ வரை இருக்கும். ரேடியேட்டரில் அது சாதாரணமாக 1 கிலோவுக்கு உட்பட்டதே. எனவே ஆயில் கூலர் ஓட்டையானால் ஓடும்போது ஆயில்தான் தண்ணீருக்குள் போகும். கூலர் உள்ள எஞ்சினில் முதலில் அதைக் கழற்றிச் சோதிப்பது மலிவு.

சிலிண்டரில் தண்ணீர் நின்று எஞ்சின் சுற்ற மறுத்தால் செல்ஃபைத் திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது. கனெக்டிங் ராடு வளையும். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

பழைய டிராக்டர் விலைக்கு வாங்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்பவர் முந்திய நாள் புது ஆயில் மாற்றியிருந்தால் எதுவும் தெரியாது. அரை மணி நேரம் கலப்பை பூட்டி உழவிட்டு, மறுநாள் காலை டிரெயின் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

ஹெட்டைக் கழற்றினால் அதன் மட்டம் பார்க்காமல் திரும்பப் பூட்டக் கூடாது. கொதிக்கும் எஞ்சினில் வாய்க்கால் தண்ணீரைக் கொட்டியதால் வளைந்த ஹெட்டுகள் எத்தனையோ! வளைந்த ஹெட்டில் எந்தக் காஸ்கெட்டும் நிற்காது. போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால், கம்பெனி புத்தகத்தில் உள்ள வரிசைப்படி முடுக்கச் சொல்லுங்கள்.

பழுது நீங்கியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, சிறிது நேரம் ஓட்டி, அந்த ஆயிலையும் வடித்துவிட்டு மறுபடி புதிது ஊற்ற வேண்டும். ஆயில் பட்டு ஊதிப்போன ரேடியேட்டர் ஹோஸ்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.