எரிமலைப் பாடமும் வாசிப்புப் பயிற்சியும்
(சங்க அங்கத்தினருக்கான இரவுப் பாடசாலைகளில் நடத்தத்தக்க ஒரு மாதிரிப் பாடம்)

எழுத்துக் கூட்டிப் படிப்பது ஒன்று. படித்ததன் பொருளைக் கிரகிப்பது வேறொன்று. சங்கத்தின் கடன் பத்திரத்தைக் கையில் கொடுத்தால், முதல் வரி முதற்கொண்டு கடைசி வரி வரையில் உரக்கப் படித்துவிடும் அங்கத்தினர் பலர் உண்டு. “தவணை தவறினால் பணத்தைக் கட்ட வேண்டியவர் யார்?” என்று உடனே கேட்டால், அவர்களில் சிலர் பத்திரத்தை மறுபடியும் தலைப்பிலிருந்து தொடங்குவார்கள், வேறு சிலர் காரியதரிசியின் முகத்தைப் பார்ப்பார்கள். பொருள் தெரியாமல் கையெழுத்திடுகிறவருடைய நிலைமை, கைந்நாட்டு வைக்கிறவருடைய நிலைமையைவிட மேலானது என்று சொல்வதற்கில்லை.

ஆகையால் வயது வந்தோருக்குக் கல்வி கற்பிக்கும்போது, எழுத்துக்களோடு கூடவே பொருளைத் தேடும் பழக்கத்தையும் ஆரம்பத்திலிருந்தே உண்டாக்க வேண்டும். இதற்கு ஏர், எரு, விதை முதலிய பழகிய விஷயங்களைப் பற்றிய பாடங்கள் மட்டும் போதா. அவற்றைப் பற்றிக் கேள்வி கேட்டால், குடியானவர் வாசகத்தைப் பாராமலே தம் அனுபவத்தைக் கொண்டு சரியான விடை சொல்லிவிடுவார். அவர் படித்தாரா இல்லையா என்பது விளங்காது. எரிமலையைக் கண்ணால் கண்டவர் அநேகமாக வகுப்பில் ஒருவரும் இரார். விடை வேண்டுமாயின் வாசகத்துக்கே திரும்ப வேண்டும். அன்றியும், இப்பாடத்தில் முன் நடந்தது, பின் நடந்தது, காரணம், விளைவு ஆகியவை ஒழுங்காக அமைந்திருக்கின்றன. இரண்டு மாலை வேளைகளில் இதை நடத்தி முடிக்கலாம்.

1. பாடத்துக்கு முன்

உபாத்தியாயர் எரிமலை, பிளவு, சாம்பல், பாறைக்குழம்பு என்னும் நான்கு சொற்களைக் கரும்பலகையில் பெரிதாக எழுதவேண்டும். நீண்ட சொல்லைக் கண்டு மலைக்காமல், அதைப் பிரித்துப் படிக்கும் வழியை முதலில் காட்டுக. எரி + மலை = எரிமலை. பாறை + குழம்பு = பாறைக்குழம்பு; இரண்டு சொற்கள் சேருமிடத்தில் ‘க்’ என்னும் ஒற்று வந்திருப்பதைச் சுட்டிக் காட்டுக. குழம்பு என்பது சமையலறையில் அறிந்த சொல்லே. உருகிய பாறை கெட்டியான குழம்புபோல் ஓடுவதால் அப்பெயர் பெற்றது.

‘மலை’, ‘மழை’ என்னும் இரண்டையும் அடுத்தடுத்து எழுதி, ல, ழ எழுத்துக்களின் வேற்றுமையைக் காட்டவேண்டும். வாசகத்தில் ‘சாம்பல் மழை’ என்று வருகிறது. அதைச் ‘சாம்பல் மலை’ என்று படித்தால் அதுவும் ஒரு பொருள் தருவதுபோலவே தோன்றும்; ஆனால் சொன்ன செய்தி மாறிவிடும். ஓரெழுத்துப் பிழை எவ்வளவு தூரம் கொண்டுபோய்விடும் என்பதை மாணாக்கர் இங்கேயே உணர்வார்கள்.

பிறகு எரிமலையின் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். பெயரைக் கொண்டு, மலையானது விறகைப்போல் எரிகிறது என்று எண்ணலாகாது. பூமிக்குள் ஆழத்தில் சிற்சில இடங்களில் மிகுந்த வெப்பத்தால் பாறை உருகியிருக்கிறது. அக்குழம்பில் நீராவியும் வேறு வாயுக்களும் அழுத்தத்தினால் கரைந்து அடங்கியிருக்கின்றன. கோலி சோடாப் புட்டியின் கோலியை உள்ளே அழுத்தியவுடன், அதுவரை அடங்கியிருந்த வாயு நுரைத்துக்கொண்டு மேலே வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அதுபோலவே, குழம்பு மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து, வாயு பிரிந்து, குழம்பையும் தள்ளிக்கொண்டு வெளிப்படுகிறது. எரிமலைச் சாம்பல் என்பது விறகுச் சாம்பலன்று. பாறை நொறுங்கிய தூளேயாகும்.

2. வாசகம்

மெக்ஸிகோ என்பது அமெரிக்கக் கண்டத்தில் உள்ள ஒரு நாடு. அங்கே பாரிகுட்டின் என்று ஒரு சிற்றூர் இருந்தது. டியோனிஸியோ புலிடோ என்பவர் அவ்வூர்க் குடியானவர். 1943-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 20-ந் தேதி அவர் தம் மக்காச்சோளக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்தார். அதற்குப் பல நாட்களுக்கு முன்பிருந்தே அப்பக்கத்தில் நிலம் அதிர்ந்துகொண்டிருந்தது. அன்று மாலை கொல்லையில் ஒரு பிளவு கண்டது. அதிலிருந்து புகையும் சாம்பலும் சீறிக்கொண்டு வெளிவந்தன. ஒரு நாளைக்குள் அந்த இடத்தில் ஏறத்தாழ 160 அடி உயரமுள்ள குன்று எழும்பிவிட்டது. ஒரு வருஷத்தில் அது ஏறத்தாழ 1,100 அடி உயர்ந்தது.

சாம்பல் மழை பெய்ததால் சுற்றிலும் பயிர்கள் அழிந்தன. பாறைக்குழம்பு மெதுவாக ஊர்ந்து வந்ததால் ஜனங்கள் வெளியேற அவகாசம் இருந்தது. பாரிகுட்டினும், பக்கத்திலிருந்த சான் ஹுவான் என்ற ஊரும் புதைந்துபோயின. சான் ஹுவானில் இருந்த மாதா கோவிலின் கோபுரம், குழம்பு இறுகிய கற்களுக்கு மேலே இன்றும் தெரிகிறது. குழம்பில் அகப்பட்டு ஒருவரும் இறக்கவில்லை. சாம்பல் மேகத்தில் உண்டான மின்னல் தாக்கியதால் மூவர் இறந்தனர். 1952-ஆம் வருஷம் எரிமலை ஓய்ந்தது. அப்போது அதன் உயரம் ஏறத்தாழ 1,390 அடி.

3. வாசிக்கும் முறை

வாசகத்தை மூன்று முறை படிக்கச் செய்யவேண்டும். முதல் முறை ஒவ்வொருவரும் தமக்குள் மெதுவாகப் படித்து, விளங்காத சொல்லின் கீழ்க் கோடிடுக. பாரிகுட்டின் முதலிய அயல்நாட்டுப் பெயர்களைப் பா-ரி-குட்-டின் என்று அசை அசையாகப் பிரித்துப் படிக்கலாம். பெயர் தடைப்பட்டால் அதற்காக வாக்கியத்தையே விட்டுவிடலாகாது. இரண்டாம் முறை ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர் கேட்க வேண்டும். மூச்சு முட்டும் இடத்தில் நிறுத்தாமல், பொருள் முடியும் இடத்தில் நிறுத்திப் படிப்பதே முறை. மூன்றாம் முறை படிப்பது கேள்விக்கு விடை தேடுவதற்காக. விடை சொல்லுகிறவர் அது எந்த வரியில் இருக்கிறதென்று விரலை வைத்துக் காட்டவேண்டும். இந்த ஒரு நிபந்தனையை உபாத்தியாயர் எக்காரணத்தாலும் தளர்த்தலாகாது.

4. கேள்விகளின் வகை

முதல் வகை, வரியிலேயே விடை உள்ளவை. புலிடோ என்ன பயிர் செய்தார்? பிளவு கண்ட தேதி என்ன?

இரண்டாம் வகை, முன்பின் ஒழுங்கைப் பற்றியவை. நிலம் அதிர்ந்தது முன்னா, பிளவு கண்டது முன்னா? வாசகத்தில் 20-ந் தேதியைச் சொன்ன பிறகே நில அதிர்ச்சி கூறப்பட்டிருந்தாலும், நடந்தது அதற்கு முன்னர். எழுதப்பட்ட வரிசையும் நிகழ்ந்த வரிசையும் எப்போதும் ஒன்றாயிரா என்பது இதனால் விளங்கும்.

மூன்றாம் வகை, எண்களைப் பற்றியவை. முதல் வருஷத்தில் 1,100 அடி வளர்ந்த மலை, பின்னும் எட்டு வருஷங்களில் எத்தனை அடி வளர்ந்தது? 290 அடியே. ஆரம்பத்தில் வேகமாகவும் பிறகு மந்தமாகவும் வளர்ந்ததென்பது வாசகத்தில் ஓரிடத்திலும் எழுதப்படவில்லை. ஆயினும் எண்களை ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு அது தெரிந்துவிடும். சங்கப் பாஸ் புத்தகத்தில் அசலும் வட்டியும் குறையும் விதத்தை அறிவதற்கும் இதே கண் வேண்டும்.

நான்காம் வகை, வாசகத்தில் விடையே இல்லாதவை. நிலத்தை இழந்த புலிடோவுக்கு நஷ்டஈடு கிடைத்ததா? வகுப்பில் பலர் ‘கிடைத்திருக்கும்’ என்பர். சிலர் ‘யார் கொடுப்பார்கள்?’ என்பர். இரண்டும் விடையல்ல. ‘வாசகத்தில் சொல்லப்படவில்லை’ என்பதே சரியான விடை. எழுதாததை எழுதியிருப்பதாக எண்ணிக்கொள்வது, புதிதாகப் படிப்பவரிடம் மிகுதியாகக் காணப்படும் குறை. வாய்வார்த்தையாகச் சொன்ன தவணைச் சலுகை பத்திரத்திலும் இருக்கிறதென்று நம்பி, பின்னர் வருந்துவதும் இக்குறையினாலேயே.

5. காரணமும் நிபந்தனையும்

‘மழை பெய்ததால்’, ‘மழை பெய்தால்’ என்னும் இரண்டையும் பலகையில் எழுதுக. இடையே ஒரு ‘த’ மட்டுமே வேற்றுமை. முன்னது நடந்து முடிந்த காரணம். பின்னது இனி நடந்தாலும் நடக்கலாம் என்னும் நிபந்தனை. வாசகத்தில் ‘-ததால்’, ‘-யதால்’ என்று முடியும் மூன்று இடங்களையும் கண்டுபிடிக்கச் செய்து, காரணம் இன்னது, விளைவு இன்னது என்று இரண்டு பத்திகளாக எழுதச் சொல்லவேண்டும்.

அடுத்து, சங்கத்தின் பத்திரத்திலிருந்து ‘தவணை தவறினால் அபராத வட்டி செலுத்தப்படும்’ என்பது போன்ற ஒரு வாக்கியத்தைக் கொடுக்கலாம். இது நிபந்தனை என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். ‘மார்ச் 31-ந் தேதிக்குள்’ என்பதில் 31-ந் தேதியும் அடங்கும். ‘31-ந் தேதிக்கு முன்’ என்பதில் அடங்காது. ‘கடன் பெற்றவரும் ஜாமீன்தாரரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் பொறுப்பாளிகள்’ என்னும் வாக்கியத்தில், ‘தனித்தனியாகவும்’ என்ற சொல்லின் மேல் வகுப்பு நெடுநேரம் நிற்கவேண்டும். கடன் வாங்கியவர் கட்டாவிடில், முழுத் தொகையையும் ஜாமீன்தாரர் ஒருவரிடமிருந்தே வசூலிக்கலாம் என்பது அச்சொல்லின் பொருள். சிநேகத்துக்காக ஜாமீன் கையெழுத்திட்டு நிலத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. அந்த ஒரு சொல்லை நின்று படித்திருந்தால், கையெழுத்திடுவதா வேண்டாமா என்பதையேனும் தெரிந்து தீர்மானித்திருப்பார்கள்.

6. மேல் வகுப்புக்கு

இப்பாடத்தை நன்றாக முடித்தவர்களுக்கு மற்றொரு வரலாற்றைச் சொல்லி எழுதச் செய்யலாம். தென்னமெரிக்காவில் கொலம்பியா தேசத்தில் நெவாடோ டெல் ரூயிஸ் என்னும் எரிமலை உண்டு. அம்மலையிலிருந்து வந்த சேற்று வெள்ளம் 1845-ஆம் வருஷத்தில் பலரை மாய்த்தது. அந்தச் சேறு படிந்த நிலத்திலேயே பின்னர் ஆர்மெரோ என்னும் ஊர் வளர்ந்தது. 1985-ஆம் வருஷம் மலை மறுபடியும் புகையத் தொடங்கவே, அபாயமுள்ள இடங்களைக் காட்டும் படம் ஒன்றை அறிஞர்கள் அக்டோபர் மாதத்தில் தயாரித்தனர். ஆர்மெரோ அந்த அபாய எல்லைக்குள்ளேயே இருந்தது. ஆயினும் ஊர் காலிசெய்யப்படவில்லை. நவம்பர் 13-ந் தேதி இரவு மலை வெடித்து, உச்சியிலிருந்த பனிக்கட்டி உருகிச் சேறாய்ப் பெருகியது. அது ஆர்மெரோவை அடைய ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இருபதினாயிரம் பேருக்கு மேல் மாண்டனர். பிலிப்பைன்ஸ் நாட்டிலோ, 1991-ஆம் வருஷம் ஜூன் மாதம் பினாட்டுபோ மலை பெருவெடிப்புக்குள்ளாவதற்கு முன்னரே, எச்சரிக்கையை ஏற்றுப் பல்லாயிரவர் வெளியேறியதால் உயிர் தப்பினர்.

இரண்டிடத்திலும் எச்சரிக்கை எழுத்தில் இருந்தது. படித்ததன்மேல் நடந்துகொண்ட இடத்தில் அது உயிர்களைக் காத்தது. சங்கத்தின் உபவிதிகளும், வருஷாந்தர வரவு செலவுக் கணக்கும் அங்கத்தினருடைய பார்வைக்காகவே எழுதி வைக்கப்படுகின்றன. அவற்றைப் படித்து, விளங்காததைப் பொதுக் கூட்டத்தில் எழுந்து கேட்பவரே வாசிக்கக் கற்றவராவார்.

பயிற்சி

1. வாசகத்தில் உள்ள நிகழ்ச்சிகளை நடந்த வரிசைப்படி எழுதுக.
2. பாறைக்குழம்பினால் எவரும் இறவாமைக்குக் காரணம் என்ன? விடை உள்ள வரியைக் காட்டுக.
3. ‘கட்டினால்’, ‘கட்டியதால்’ என்னும் சொற்களை வைத்துத் தனித்தனி வாக்கியம் அமைக்க.
4. மலை, மழை; விலை, விளை; இவற்றின் பொருள் வேற்றுமையை எழுதுக.
5. சொந்தப் பாஸ் புத்தகத்தைக் கொண்டுவந்து, கடைசியாகக் கட்டிய தொகையில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று படித்துக் காட்டுக.