உறைந்த மண்ணின் பலம் எத்தனை நாளைக்கு?

கேள்வி: சைபீரியாவில் யாகூத்ஸ்க் என்ற ஊரில் அடுக்குமாடிகள் தரையில் உட்காராமல் தூண்கள்மேல் நிற்பதை வீடியோவில் பார்த்தேன். அடியில் வெள்ளம் வருமா? உறைந்த மண் கல்போல இருக்கும் என்கிறார்களே, அதன்மேலேயே அஸ்திவாரம் போட்டால் என்ன?
– கட்டட மேஸ்திரி ஒருவர், ஈரோடு

பதில்: வெள்ளத்துக்காக இல்லை, மேஸ்திரி. வீட்டுச் சூடு மண்ணுக்குள் இறங்கிவிடக் கூடாதே என்பதற்காக!

கல்போல இருக்கும் என்பது உண்மைதான். தண்ணீர் நிறைந்த மணல் மைனஸ் 10 டிகிரியில் உறைந்திருக்கும்போது வேகமாக நசுக்கிப் பார்த்தால், ஏறக்குறைய எம்20 கான்கிரீட்டில் பாதி பலம் காட்டும். மணலைப் பிடித்திருப்பது ஐஸ்தான். அங்கே அதுதான் சிமென்ட். காய்ந்த மணலை எவ்வளவு குளிரவைத்தாலும் அது வெறும் குளிர்ந்த மணல்தான்.

இந்த சிமென்ட்டை முழுசாக நம்ப முடியாது. மைனஸ் 1, 2 டிகிரியில் களிமண் நுண்துகள்களைச் சுற்றி மெல்லிய நீர்ப்படலம் உறையாமலே இருக்கும். தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே காட்டினாலும் மண் வழுக்கத் தொடங்கியிருக்கும். உப்பு கலந்த கடலோர மண் இன்னும் மோசம். ஐஸுக்கு உப்புப் போட்டால் என்ன ஆகும் என்று குல்ஃபிக்காரரைக் கேட்டால் சொல்வார்.

அடுத்தது காலம். கோடையில் அலமாரியில் நிறுத்திவைத்த மெழுகுவர்த்தியைப் பார்த்திருப்பீர்கள். வெடுக்கென்று வளைத்தால் ஒடியும். சும்மா விட்டால் தன் எடையிலேயே மெல்லச் சாயும். ஐஸும் அப்படித்தான். இன்றைக்கு ஒரு லாரியைத் தாங்கும் மண், அதே பாரம் முப்பது வருஷம் நின்றால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து கொடுக்கும். அதனால் ஆய்வகத்தில் சட்டென்று நசுக்கி எடுத்த எண்ணை வடிவமைப்பில் அப்படியே போட மாட்டார்கள்; நீண்டகால பலம் அதில் ஒரு பங்குதான்.

யாகூத்ஸ்கில் உறைமண் எவ்வளவு ஆழம் தெரியுமா? 1828-இல் ஷெர்கின் என்ற வணிகப் பிரமுகர் கிணறு தோண்ட ஆரம்பித்தார். பல வருஷம் தோண்டி 116 மீட்டர் போனபோதும் உறைந்த மண்தான், தண்ணீர் வரவில்லை. அதன் மேல்தோல் மட்டும் ஒவ்வொரு கோடையிலும் இளகி, குளிர்காலத்தில் மறுபடி உறையும். அதைத் தாண்டித் துளை போட்டு, கான்கிரீட் பைலை இறக்கி, சுற்றிலும் சேற்றுக் குழம்பை ஊற்றி உறையவிடுகிறார்கள். மண் பைலை ஐஸால் கவ்விக்கொள்கிறது. பெரும்பாலான பாரம் அந்தக் கவ்வலில்தான் நிற்கிறது. மேலே தளத்துக்கும் தரைக்கும் நடுவே திறந்த வெளி. குளிர்காலக் காற்று அதில் புகுந்து மண்ணை மறுபடி குளிரவைக்கும்.

1977-இல் முடிந்த அலாஸ்கா எண்ணெய்க் குழாயிலும் இதே கணக்கு. சூடான எண்ணெய் ஓடும் அந்தக் குழாயில் பாதிக்கு மேல் தூண்கள்மேல் போகிறது. பல தூண்களுக்குள் அம்மோனியா அடைத்த குழாய்கள்: குளிர்காலத்தில் மண்ணின் சூட்டிலேயே அம்மோனியா ஆவியாகி மேலேறி, துடுப்புகள் வழியே சூட்டை விட்டுவிட்டுத் திரவமாக இறங்கும். மோட்டார் கிடையாது, கரண்ட் கிடையாது. எனக்கு அந்தக் குழாயில் மிகவும் பிடித்த பகுதி அதுதான்.

யாகூத்ஸ்க் கட்டடங்களில் விரிசல் விட்டால் முதலில் சந்தேகப்படுவது அந்தத் திறந்த வெளியில் ஒழுகும் வெந்நீர்க் குழாயையும் கழிவுநீர்க் குழாயையும். பைலை ஐஸ் கவ்விய பிடியைத் தளர்த்த, மாதக்கணக்கில் விடாமல் சொட்டும் வெந்நீர் போதும்.