அமெரிசியத்துக்கு ஏன் இத்தனை எண்கள்?

கேள்வி: முதுநிலை ஆய்வுக்காக அமெரிசியம்-241இன் நியூட்ரான் கவர்வுப் பரப்பைத் தேடினேன். ஒரு கட்டுரையில் 600 பார்னை ஒட்டி இருக்கிறது. இன்னொன்றில் 800க்கும் மேல். ஏன் இந்த வேறுபாடு? தானே கதிர் வீசும் பொருளில் இதை எப்படித்தான் அளக்கிறார்கள்?

பதில்: அந்த இரண்டு எண்களும் அச்சுப்பிழை அல்ல, இரண்டும் முறையாக அளந்து பெற்றவைதான்.

அணுக்கரு ஒரு நியூட்ரானைக் கவர்ந்ததும் காமா கதிர்களை உமிழும். அவற்றை எண்ண வேண்டும். ஆனால் ஒரு மில்லிகிராம் அமெரிசியத்தில் விநாடிக்குச் சுமார் 12.7 கோடி அணுக்கள் தாமாகவே சிதைந்து, அவையும் காமா உமிழ்கின்றன. இரண்டையும் பிரிக்க உதவுவது ஆற்றல். தன்னியல்பான சிதைவில் வரும் முக்கியக் காமாவுக்கு 60 கிலோ எலக்ட்ரான்வோல்ட்தான். நியூட்ரானைக் கவர்ந்தால் வெளிப்படுவது மொத்தம் ஐந்தரை மெகா எலக்ட்ரான்வோல்ட், ஏறத்தாழ 90 மடங்கு. அது பல கதிர்களாகப் பிரிந்து நாலா பக்கமும் பாய்வதால், ஒன்றையும் நழுவவிடாமல் கூட்டியாக வேண்டும். அதற்காக மாதிரியைச் சுற்றிலும் பேரியம் ஃபுளோரைடு படிகங்களை அடுக்குகிறார்கள்: லாஸ் அலமோஸில் 160, ஜெனீவாவின் செர்னில் 40.

செர்னின் என்-டாஃப் கூடத்தில் புரோட்டான்கள் ஈயக் கட்டியில் மோதுகின்றன. ஒரு புரோட்டானுக்குச் சுமார் 300 நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அவை 185 மீட்டர் ஓடி மாதிரியை அடையும் நேரமே அவற்றின் ஆற்றலைச் சொல்லிவிடும். ஒரு எலக்ட்ரான்வோல்ட் நியூட்ரானுக்கு 13 மில்லிவிநாடி ஆகும். 2014இல் வெறும் 20 மீட்டரில் இரண்டாவது கூடம் அமைத்தார்கள். தூரம் குறைந்ததால் நியூட்ரான்கள் மிகக் குறுகிய நேரத்தில் அடர்ந்து வந்து விழுகின்றன. மாதிரியின் சொந்தச் சிதைவோ மாறாத வீதத்தில்தான் நடக்கும். எனவே அந்த நேரத்துக்குள் அதன் பங்கு சிறுத்துவிடுகிறது. கதிர்வீச்சு மிகுந்த மாதிரிகளுக்கு இதைவிடச் சிறந்த வழி இருப்பதாக நான் நினைக்கவில்லை.

இனி எண்கள் முரண்படுவதற்கு வருவோம். பழைய அளவீடுகள் பல, மாதிரியை உலைக்குள் வைத்து, பிறகு அதில் உருவானதை எண்ணிப் பெற்றவை. உலையில் நியூட்ரான்கள் ஒரே வேகத்தில் திரிவதில்லை. அமெரிசியத்துக்கோ 0.3 எலக்ட்ரான்வோல்ட்டிலேயே வலுவான ஒத்ததிர்வு உண்டு. அதன் பங்கைக் கழிப்பதில் சற்றுப் பிசகினாலும் விடை வெகுவாக விலகும். போதாக்குறைக்கு, கவர்ந்தவற்றில் ஏறத்தாழ பத்தில் ஒன்று 141 ஆண்டு அரை ஆயுள் கொண்ட அமெரிசியம்-242 கிளர்நிலைக்குப் போய்விடும். அதைச் சேர்த்த எண்ணும் சேர்க்காத எண்ணும் ஒன்றாகா. பறக்கும் நேரத்தை அளக்கும் முறையிலும் மாதிரியின் அணு எண்ணிக்கை துல்லியமாகத் தெரியாவிட்டால் பயனில்லை.

இது ஏட்டளவிலான சண்டை இல்லை. உலையில் அமெரிசியம் எவ்வளவு நியூட்ரானைக் கவர்கிறது என்பதை வைத்தே, வெப்பம் மிகுந்த கியூரியம்-242 எவ்வளவு உருவாகும் என்று கணக்கிடுகிறோம். பயன்படுத்திய எரிபொருளைக் குளிர்விப்பதும் சேமிப்பதும் அந்தக் கணக்கைச் சார்ந்தவை.

ஆகவே உங்கள் ஆய்வேட்டில் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். எந்தத் தரவு நூலகத்தின் எந்தப் பதிப்பு, எந்த முறையில் அளந்தது, பிழை வரம்பு எவ்வளவு என்பவற்றையும் சேர்த்தே எழுதுங்கள்.