உழைக்கும் கால்நடையும் உடையவர் கணக்கும்

கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் கணக்கைத் தணிக்கை செய்யும்போது நாம் முதலில் எடுத்துப் பார்ப்பவற்றுள் ஆஸ்திப் பட்டியலும் ஒன்று. தறி, தராசு, கட்டடம், மரச்சாமான் ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அங்கத்தினர் வீட்டுத் தொழுவத்தில் நிற்கும் மாட்டிற்கு இத்தகைய கணக்கு எழுதப்படுவதில்லை. கழுத்துப் புண்ணால் எத்தனை நாள் வேலை கெட்டது, தாகத்தாலும் அச்சத்தாலும் எவ்வளவு பால் குறைந்தது என்பவை எந்தப் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஏறாத காரணத்தால் அந்த நஷ்டம் இல்லாமற்போய்விடாது. நாங்குநேரி வட்டாரம் போன்ற மழையை நம்பிய நிலப்பகுதியில், கால்நடையே பல குடும்பங்களுக்குக் கடைசிக் கையிருப்பு. ஆகவே இம்மாதப் பாடமாக, அந்தக் கணக்கை நம் நாட்டில் முறையாக எழுதிப் பார்த்த அறிஞர் ஒருவரின் ஆராய்ச்சியை எடுத்துக்கொள்கிறோம்.

1. பேராசிரியர் இராமசாமியின் ஆராய்ச்சி

பேராசிரியர் என். எஸ். இராமசாமி, 1973இல் தொடங்கப்பெற்ற பெங்களூர் இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் இயக்குநர். பெரிய ஆலைகளையும் நிறுவனங்களையும் நடத்துவதற்கு ஆட்களைப் பயிற்றுவிக்கும் கழகம் அது. அங்கிருந்துகொண்டு அவர் கவனம் செலுத்திய பொருள் மாட்டுவண்டி என்பது பலருக்கு வியப்பளிக்கும். கால்நடை ஆற்றலை நிருவகிப்பது, மாட்டுவண்டியைச் சீர்திருத்துவது என்பன பற்றி 1979இல் அக்கழகத்தின் வாயிலாக நூல் வெளியிட்டார். பின்னர் ‘கார்ட்மேன்’ என்ற அமைப்பைப் பெங்களூரில் நிறுவி அப்பணியைத் தொடர்ந்தார்.

உலகக் கால்நடை நல அமைப்பின் ஆய்விதழில் 1994இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று உழைக்கும் விலங்குகளின் கணக்கைத் தொகுத்துரைத்தது. வளர்ந்துவரும் நாடுகளில் 50, இழுவை விலங்குகளைப் பெரிதும் நம்பியிருந்தன. உலகின் சாகுபடிப் பரப்பில் 52 சதவீதத்தில் அவை வேலை செய்தன. இரண்டரைக் கோடி வண்டிகளை இழுத்தன. அவ்வேலையை எந்திரங்கள் செய்வதாயின் ஆண்டொன்றுக்கு 600 கோடி டாலர் மதிப்புள்ள இரண்டு கோடி டன் பெட்ரோலியம் தேவைப்பட்டிருக்கும். இவ்வளவு பெரிய ஆற்றலை அளிக்கும் விலங்குகள் மோசமான நிலையில் வேலை வாங்கப்படுவதால் அவற்றின் உழைப்புத் திறனே குறைகிறது என்றும், நல்ல தீவனம், வைத்தியம், திருத்திய கருவி, திருத்திய வண்டி ஆகியவற்றுக்குச் செலவிடும் தொகையைப் பலன் ஈடுசெய்யும் என்றும் அவர் காட்டினார். 1998இல் விலங்குகளின் நடத்தை பற்றிய சர்வதேச ஆய்விதழ் ஒன்றிலும் இழுவை மாடுகளின் நலம் குறித்து எழுதினார்.

மாட்டின் துன்பத்தைக் கருணைக்குரிய பொருளாக மட்டும் பேசி வந்த காலத்தில், அதனைப் பொருளாதார நஷ்டமாகவும் கணக்கிட்டுக் காட்டியதே அவர் ஆராய்ச்சியின் தனிச்சிறப்பு.

2. நுகத்தடியும் கழுத்தும்

இனி அக்கணக்கின் உட்பிரிவுகளைப் பார்ப்போம். உழவுமாடு நாள் முழுவதும் தளராமல் இழுக்கக்கூடிய விசை அதன் உடல் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 300 கிலோ எடையுள்ள இரண்டு காளைகளைப் பூட்டினால் சுமார் 60 கிலோ இழுவையே நீடித்துக் கிடைக்கும். இதற்கு மேல் சற்று நேரம் இழுக்கும், பிறகு தளரும். அந்தத் தளர்ச்சியைச் சோம்பல் என்று எண்ணிச் சாட்டையை ஓங்குவது, எண்ணெயில்லாத விளக்கைத் திரிதூண்டுவதற்கு ஒப்பாகும்.

அந்த இழுவை விசை முழுவதும் திமிலுக்கு முன்னால் கழுத்தின் சிறு பரப்பில் விழுகிறது. பரப்பு குறைந்தால் அழுத்தம் மிகும் என்பது பள்ளிப் பாடம். சொரசொரப்பான நுகமாயின் தோல் உரியும்; மழை நாளில் ஈரத்தோடு உராய்ந்தால் புண்ணாகும்; புண்மேல் மீண்டும் நுகம் ஏறினால் காய்த்துத் தடித்துப்போகும்.

வண்டியில் இன்னும் இரண்டு தீமைகள் உண்டு. முன்பாரம் மிகுந்தால் சுமை கழுத்தில் இறங்கும். பின்பாரம் மிகுந்தால் நுகம் மேலெழும்பிப் பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். இவ்விரண்டும் வண்டிக்காரர்கள் நன்கறிந்தவையே. தடை இல்லாத வண்டியாயின், சரிவில் இறங்கும்போது பின்னாலிருந்து உந்தும் பாரம் முழுவதையும் மாடுகளே தாங்கி நிறுத்த வேண்டும். உயரம் ஒவ்வாத ஜோடியைப் பூட்டினால் நுகம் சாய்ந்து ஒரு மாட்டின்மேல் பாரம் கூடும்.

இவற்றை அறிந்தபின் மாட்டின் நடத்தை நமக்குப் புரியத் தொடங்குகிறது. நேற்று வரை தானே வந்து கழுத்துக் கொடுத்த காளை இன்று நுகத்தைக் கண்டதும் தலையை ஒதுக்கினால், அது பிடிவாதம் அன்று. ‘இவ்விடம் வலிக்கிறது’ என்று அது சொல்லும் சொல். நலமாக இருக்கும் மாடு நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். அசைபோடாமல், கூட்டத்தை விட்டு ஒதுங்கி, காது தொங்க நிற்கும் மாடு ஏதோ ஒரு துன்பத்தைத் தெரிவிக்கிறது.

நஷ்டம் எங்கே வருகிறது என்று கேட்கலாம். நம் பகுதியில் வடகிழக்குப் பருவமழையில் குளம் பெருகி, பிசான நடவுக்கு நிலத்தைச் சேறாக்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களில் கழுத்துப் புண்ணோடு ஒரு காளை படுத்துவிட்டால், கெடுவது பதினைந்து நாள் வேலை மட்டுமன்று, பருவமே தவறும். நெசவாள அங்கத்தினர்கள் இதனை எளிதில் உணர்வார்கள். பாவில் இழுவை மிகுந்தால் இழை அறும். அறுந்த இழையைக் கவனியாமல் தறியை ஓட்டினால் முழம் முழமாகத் துணி கெடும். மாட்டின் கழுத்தும் அத்தகைய இழையே. மாட்டுப் பொங்கலன்று நாம் மாலை சூட்டும் இடமும், ஆண்டு முழுவதும் நுகம் வைக்கும் இடமும் ஒன்றுதான் என்பதை நினைவிற்கொள்வது நலம்.

3. சட்டம் வகுத்த அளவுகள்

இந்தியாவில் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் இயற்றப்பட்டது. அதற்கு முன்பே மாநிலங்களவையில் இதற்கென மசோதா கொண்டுவந்தவர் மதுரையில் பிறந்த ருக்மிணிதேவி அருண்டேல் அம்மையார். 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 1965இல் இழுவை விலங்குகளுக்கும் பொதி விலங்குகளுக்கும் தனி விதிகள் வந்தன. அவற்றின்படி, ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்திற்கு மேல் வேலை வாங்கலாகாது. ஓய்வின்றித் தொடர்ந்து ஐந்து மணி நேரத்திற்கு மேல் ஓட்டலாகாது. வெப்பம் 37 பாகைக்கு மேற்படும் இடங்களில் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை பூட்டலாகாது. மாட்டின் பருமனுக்கும் சக்கரத்தின் வகைக்கும் ஏற்பப் பார அளவும் குறிக்கப்பட்டது. ஆணி பதித்த தார்க்குச்சியும் தடுக்கப்பட்டது.

அதே 1965இல் பிரிட்டனில் பிராம்பெல் குழு தன் அறிக்கையை அளித்தது. பண்ணை விலங்கு எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், தன் உடலைத் தான் நக்கிச் சுத்தம் செய்துகொள்ளவும், கால்களை நீட்டவும் இடம் வேண்டும் என்று அது கூறிற்று. அங்கே பொருள் கொட்டிலில் அடைபட்ட கோழியும் பன்றியும் கன்றும். இங்கே பொருள் வெயிலில் இழுக்கும் காளை. துன்பத்தின் வகை வேறாயினும் அளவுகோல் ஒன்றே.

4. உழவுமாடு குறைந்த பின் இப்பாடம் எதற்கு?

இழுவை விலங்குகளின் காலம் இன்னும் ஐம்பது ஆண்டுகளேனும் நீடிக்கும் என்று இராமசாமி 1994இல் எதிர்பார்த்தார். நம் பகுதியிலோ டிராக்டரும் பவர் டில்லரும் விரைந்து வந்துவிட்டன. வண்டிப் பாரத்தைச் சரக்கு ஆட்டோ ஏற்றுக்கொண்டது. எனினும் அவர் கணக்கிட்ட முறை பயனற்றுப் போகவில்லை. உழவு மாட்டின் இடத்தில் இன்று நம் தொழுவத்தில் நிற்பது கறவை மாடு. சங்கத்தின் கறவைமாட்டுக் கடனும் அதன்மேல்தான் நிற்கிறது.

கறவை மாட்டின் கணக்கை விளக்கும் சோதனை 1941இல் அமெரிக்காவில் நடந்தது. ஈலி, பீட்டர்சன் என்ற இருவர், கறக்கப்போகும் பசுவின் முதுகில் ஒரு பூனையை விட்டும், காகிதப் பைகளை ஊதி வெடித்தும் அதனை மிரளச் செய்தனர். மடியில் பால் இருந்தும் பசு பாலை இறக்கவில்லை. மிரட்டாமல் அட்ரினலின் என்ற சுரப்புநீரை ஊசிவழிச் செலுத்தியபோதும் அவ்வாறே ஆயிற்று. காரணம் யாதெனில், மடியைத் தடவும்போதும் கன்று முட்டும்போதும் ஆக்ஸிடோசின் என்ற சுரப்புநீர் இரத்தத்தில் கலந்து மடியிலுள்ள பாலைக் கீழே தள்ளுகிறது. அச்சத்தில் பிறக்கும் அட்ரினலின் அதனைத் தடுத்துவிடுகிறது. ஆஸ்திரேலிய அறிஞர் ஹெம்ஸ்வொர்த்தும் அவரைச் சார்ந்தோரும் பால் பண்ணைகளை ஆராய்ந்து, பசுவை அடித்தும் அதட்டியும் நடத்தும் பண்ணைகளில் பசுக்களுக்கு மனிதரிடம் அச்சம் மிகுதி, பால் குறைவு என்று கண்டனர்.

கன்று இறந்தபின் வைக்கோல் திணித்த தோல்கன்றைப் பசுவின் முன் நிறுத்திய நம் முன்னோர், காரணத்தின் பெயரை அறியாவிடினும் காரியத்தை அறிந்திருந்தனர்.

இதில் சங்க அங்கத்தினர் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மடியில் கடைசியாக இறங்கும் பாலில்தான் கொழுப்பு மிகுதி. மிரண்ட பசு அந்தக் கடைசிப் பாலை இறக்காமல் நிறுத்திக்கொள்கிறது. ஆகவே அளவு குறைவதோடு கொழுப்புச் சதவீதமும் குறைந்து, லிட்டருக்குக் கிடைக்கும் விலையும் குறைகிறது. சங்கத்தின் பரிசோதனைக் கருவியைச் சந்தேகிப்பதற்கு முன், காலையில் தொழுவத்தில் என்ன நடந்தது என்று நினைத்துப் பார்ப்பது முறை. இக்குறையை ஊசியால் நிரப்ப முயல்வதோ தகாது. பால் மிகுவதற்காக மாட்டின் உடல்நலத்திற்குக் கேடான ஊசி போடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

5. கணக்கு உதவாத இடம்

இதுவரை சொன்னவற்றில் மாட்டின் நலமும் உடையவர் லாபமும் ஒரே திசையில் சென்றன. எப்போதும் அப்படிச் செல்லும் என்று கூறுவது உண்மையாகாது. கறவை வற்றிய பசுவுக்கும், உழவுக்கு வேண்டாத காளைக்கன்றுக்கும், வயது முதிர்ந்த காளைக்கும் செலவிடும் தொகை திரும்பி வராது. இவை தொழுவத்தை விட்டுப் போகும் பயணத்தில்தான் துன்பம் மிகுதி. ஒரு சரக்கு வாகனத்தில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றலாகாது என்று 1978இல் விதி செய்ய வேண்டி வந்தது இதனாலேயே.

இவ்விடத்தில் லாபக் கணக்கைக் காட்டி அங்கத்தினரை இணங்கச் செய்ய நம்மால் இயலாது. செய்ய முயல்வதும் நேர்மையன்று. ஆயினும் ஒன்று சொல்லலாம். பத்தாண்டு உழைத்த மாட்டுக்கு நிழலும் தண்ணீரும் அடியில்லாப் பயணமும் அளிப்பது தர்மச் செலவு அன்று. அது ஏற்கெனவே பெற்றுக்கொண்ட உழைப்புக்குரிய பாக்கி. பாக்கியைத் தீர்க்காமல் கணக்கை முடிப்பது கூட்டுறவு முறையும் ஆகாது.

6. சங்கம் செய்யக்கூடியவை

தனி ஒருவருக்கு அரிதானது பலர் கூடினால் எளிது. பால் கொள்முதல் நிலையத்தருகே நிழலும் தண்ணீர்த் தொட்டியும் அமைக்கலாம். ஆடுமாடுகளை வாகனத்தில் ஏற்றி இறக்கச் சரிவுப் பலகை ஒன்றைச் சங்கச் செலவில் செய்து வைத்து முறைவைத்துப் பயன்படுத்தலாம். காளை வைத்திருப்போர் நுகத்தடியை இழைத்து வழுவழுப்பாக்கி, கழுத்துப் படும் இடத்தில் மெத்தை கட்டலாம். கறவைமாட்டுக் கடன் வழங்கும்போது கொட்டிலின் தரையையும் நிழலையும் பார்த்து நிர்வாகக் குழு குறிப்பெழுதலாம். இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை.

கல்வி வட்டத்தில் விவாதிக்க வினாக்கள்

1. சென்ற ஆண்டில் நோய், புண், வெப்பம் ஆகியவற்றால் உங்கள் மாடு எத்தனை நாள் வேலையோ பாலோ இழந்தது? அதன் மதிப்பு என்ன?

2. பால் இறக்க மறுக்கும் பசுவிடம் முதலில் ஆராய வேண்டியவை யாவை?

3. முன்பாரம், பின்பாரம் ஆகிய இரண்டும் மாட்டை எவ்வாறு வருத்துகின்றன?

4. வேலை செய்ய இயலாத கால்நடைகளின் பொறுப்பு உடையவருடையது மட்டுமா, சங்கத்திற்கும் பங்கு உண்டா? உண்டெனில், பொதுநல நிதியிலிருந்து எவ்வளவு ஒதுக்கலாம்?

நான்காம் வினாவுக்கு ஒவ்வொரு சங்கமும் தன் பேரவையில் கூடி முடிவு காண வேண்டும். மற்ற மூன்றுக்கும் விடை அங்கத்தினரின் தொழுவத்திலேயே இருக்கிறது.