ரேடாரின் மௌனம்: சிமுலேட்டர் வானில் வான்காப்பைத் தாக்குவது பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

கணினியில் போர்விமானம் ஓட்டிப் பழகுவோருக்கான சிமுலேட்டர்களில், டிசிஎஸ் வேர்ல்டும், 1998-இல் வெளிவந்த ஃபால்கன் 4.0-ஐ அடித்தளமாகக் கொண்டு ஆர்வலர்கள் வளர்த்தெடுத்த ஃபால்கன் பிஎம்எஸ்ஸும், தரையிலுள்ள வான்காப்பு அமைப்புகளைக் கூடியமட்டும் உண்மைக்கு நெருக்கமாகக் காட்ட முயல்பவை. வரும் விமானத்தைத் தொலைவிலேயே கண்டறியும் தேடு ரேடார், ஒரே விமானத்தின்மீது அலைக்கற்றையைக் குவித்து ஏவுகணைக்கு வழிகாட்டும் பின்தொடர் ரேடார், ஏவுகணைகளைத் தாங்கி நிற்கும் ஏவுவண்டிகள், இவற்றை இணைக்கும் கட்டளை நிலையம் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே வான்காப்பு. இதை எதிர்கொள்ளும் பணியை விமானப் படைகள் இரண்டாகப் பிரிக்கின்றன. ‘சீட்’ என்ற சுருக்கப் பெயர் பகைவரின் வான்காப்பை அடக்குவதையும், ‘டீட்’ என்ற சுருக்கப் பெயர் அதை அழிப்பதையும் குறிக்கும். அடக்குவது குறிப்பிட்ட சில நிமிடங்களுக்கு மட்டும் செல்லுபடியாகும் வேலை; அழிப்பது மீளமுடியாத வேலை. சிமுலேட்டர் விமானிகளிடையே புழங்கும் தவறான நம்பிக்கைகளில் பெரும்பாலானவை, இந்த வேறுபாட்டை மறப்பதிலிருந்தே கிளைக்கின்றன.

எத்தனை ரேடார்கள் எரிந்தன என்ற எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோல் என்பது அவற்றுள் முதலாவது. விளையாட்டின் முடிவில் திரையில் தோன்றும் பட்டியல் அழிக்கப்பட்டவற்றை மட்டுமே எண்ணுவதால், இந்த எண்ணம் வேரூன்றியதில் வியப்பில்லை. ஆனால் 1999-இல் செர்பியாவின்மீது நேட்டோ 78 நாள்கள் நடத்திய வான்போர் வேறொன்றைக் காட்டுகிறது. அப்போரில், ரேடார் அலையை நாடிச் சென்று தாக்கும் ஹார்ம் ஏவுகணைகள் 700-க்கும் மேல் ஏவப்பட்டன. எனினும் இடம்பெயரக்கூடிய கூப் வகை ஏவுகணை அணிகளில் மிகச் சிலவே அழிந்தன. இதை மட்டும் பார்ப்பவர் அத்தனை ஏவுகணைகளும் வீண் என்று முடிவுகட்டக்கூடும். ஆயின் அதே 78 நாள்களில், விமானி ஏறிச் சென்ற நேட்டோ விமானங்களுள் செர்பிய ஏவுகணைகளுக்குப் பலியானவை இரண்டே. தம்மை நோக்கி ஹார்ம் வரும் என்ற அச்சத்தில் செர்பியக் குழுவினர் ரேடார்களைப் பெரும்பாலும் அணைத்தே வைத்திருந்தார்கள் என்பது இதற்கு ஒரு முக்கியமான காரணம். அணைந்திருக்கும் ரேடார் அந்த நேரத்துக்கு இல்லாத ரேடாருக்குச் சமம். மறுபுறம், அழியாமல் எஞ்சிய அந்த அணிகளுக்காக நேட்டோ போரின் கடைசி நாள்வரை ஒவ்வொரு தாக்குதலுக்கும் துணைவிமானங்களை அனுப்ப வேண்டியிருந்தது. அடக்குவதன் பயனும் அதன் விலையும் இந்த ஒரே போரில் அருகருகே தெரிகின்றன.

அடக்குதல் என்பது நேரத்தை விலைக்கு வாங்குவது என்பதை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். பகை ரேடாரிலிருந்து 60 கிலோமீட்டர் தொலைவில் ஒரு ஹார்ம் ஏவப்படுவதாகவும், அதன் சராசரி வேகம் நொடிக்கு 600 மீட்டர் என்றும் கொண்டால், அது இலக்கை அடைய 100 நொடி ஆகும். ரேடாரை இயக்குவோர் அந்த 100 நொடிக்கும் அதை அணைத்து வைத்தார்களானால், மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் குண்டுவீச்சு விமானம் அதற்குள் 25 கிலோமீட்டர் கடந்துவிடும். ஆகவே ஹார்மை ஏவுபவர், குண்டுவீச்சு விமானங்கள் ஆபத்தான எல்லைக்குள் நுழையும் நொடியையும் வெளியேறும் நொடியையும் முன்கூட்டியே அறிந்து, தம் ஏவுகணைகள் அந்த இடைவெளி முழுவதும் வானில் இருக்குமாறு ஏவ வேண்டும். இலக்கைத் தாக்காமலே வீழ்ந்த ஏவுகணையும் தன் கடமையைச் செய்து முடித்திருக்கக்கூடும். இதை உணராத விமானி, ரேடார் கண்ணில் பட்டதுமே தன்னிடமுள்ள அனைத்தையும் ஏவிவிட்டு, தோழர்கள் உள்ளே நுழையும்போது வெறுங்கையுடன் நிற்கிறார்.

ஹார்மை ஏவிவிட்டால் போதும், மீதியை அது பார்த்துக்கொள்ளும் என்பது அடுத்த நம்பிக்கை. நான்கு மீட்டரைச் சற்றே தாண்டிய நீளமும் ஏறத்தாழ 360 கிலோ எடையும் கொண்ட இந்த ஏவுகணை, ரேடார் வீசும் அலையையே வழிகாட்டியாகப் பற்றிக்கொண்டு அதன் பிறப்பிடத்தை நோக்கிப் பாய்கிறது. இதற்கு முன்னோடியான ஷ்ரைக், வியட்நாம் போரில் பயன்பட்டது. ரேடார் அணைந்தவுடன் அது வழிதவறிவிடும். ஹார்ம் அலை வந்த இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு தொடரும் திறன் பெற்றது என்றாலும், அலை நின்றபின் அது போகும் வழி ஊகமே என்பதால், குறி விலகும் வாய்ப்பு ஒவ்வொரு நொடியும் கூடுகிறது. டிசிஎஸ்ஸில் எஃப்/ஏ-18 விமானத்தில் இதை ஏவ மூன்று முறைகள் உண்டு: தன்னைக் குறிவைக்கும் ரேடாரை உடனே திருப்பித் தாக்குவது, ஏவுகணையின் உணர்கருவி காட்டும் ரேடார்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தாக்குவது, முன்பே அறிந்த ஓரிடத்தை நோக்கி ஏவி அங்கே ரேடார் உயிர்பெறும் என எதிர்பார்ப்பது. மேலே சொன்ன நேரக் கணக்குக்கு மிகவும் ஏற்றது மூன்றாவது முறையே. புதியவர்கள் பெரும்பாலும் தொடாமல் விடுவதும் அதையே.

மேலும், ஹார்மைத் தடுக்கவே முடியாது என்பதும் சரியன்று. ஒரே வண்டியில் தேடு ரேடார், பின்தொடர் ரேடார், ஏவுகணைகள் மூன்றையும் கொண்ட தோர், வரும் ஏவுகணையையே சுட்டு வீழ்த்தக்கூடியது. டிசிஎஸ்ஸிலும் அது அவ்வாறே நடந்துகொள்கிறது. எஸ்-300 ஏவுகணை அணியைக் காக்க ஒரு தோர் வண்டி நிற்கும் இடத்தில், ஒவ்வொன்றாக ஏவப்படும் ஹார்ம்கள் ஒவ்வொன்றாகவே வீழும். பல திசைகளிலிருந்து பல ஏவுகணைகள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்து சேருமாறு செய்வதும், காவலரின் ஏவுகணைகள் தீருமாறு போலி இலக்குகளை முன்னே அனுப்புவதுமே இதற்கு வழி. போலி இலக்கு விளையாட்டுக்கென்று கண்டுபிடிக்கப்பட்ட தந்திரம் அன்று. 1982 ஜூன் 9-ஆம் நாள் லெபனானின் பெக்கா பள்ளத்தாக்கில், இஸ்ரேல் முதலில் ஆளில்லா விமானங்களை அனுப்பிச் சிரிய ரேடார்களை விழித்தெழச் செய்து, அவை வெளிப்பட்டபின் தாக்கி, அங்கிருந்த ஏவுகணை அணிகளில் பெரும்பாலானவற்றை ஒரே நாளில் அழித்தது. 1991 ஜனவரி 17-ஆம் நாள் தொடங்கிய ஈராக் போரிலும், பாக்தாதை நோக்கி முதலில் சென்றவற்றுள் ஆளில்லா இலக்கு விமானங்கள் இருந்தன. அவற்றை உண்மையான விமானங்கள் என்று கருதி ரேடார்களை இயக்கிய ஈராக்கியர்மீது ஹார்ம்கள் பாய்ந்தன. அதன்பின் நாள்கள் செல்லச்செல்ல, ஈராக்கியக் குழுக்கள் ரேடாரின் வழிகாட்டலே இல்லாமல் ஏவுகணைகளை வானில் ஏவும் நிலைக்குத் தள்ளப்பட்டன. டிசிஎஸ்ஸில் எஃப்-14 தாங்கிச் செல்லும் டால்ட் என்னும் பொறியற்ற மிதவைப் போலியைக் கொண்டு இதே முறையை ஒத்திகை பார்க்கலாம்.

தாழப் பறந்தால் ரேடார் காணாது என்பது எல்லா நம்பிக்கைகளையும்விடப் பழையது. பாதி உண்மை கலந்தது என்பதால் மிகவும் ஆபத்தானதும் அதுவே. ரேடார் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வதாலும் புவி வளைந்திருப்பதாலும், ஒரு விமானம் எந்தத் தொலைவில் ரேடாருக்குத் தென்படும் என்பதைத் தோராயமாகக் கணிக்க முடியும்: மீட்டரில் அளந்த அலைவாங்கியின் உயரத்துக்கும் விமானத்தின் உயரத்துக்கும் வர்க்கமூலம் கண்டு, இரண்டையும் கூட்டி, 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை கிடைக்கும். அலைவாங்கி 10 மீட்டர் உயரத்திலும் விமானம் 60 மீட்டர் உயரத்திலும் இருந்தால், சமவெளியில் அது ஏறத்தாழ 45 கிலோமீட்டரிலேயே வெளிப்பட்டுவிடும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அது மூன்று நிமிடப் பயணத் தொலைவு. 8,000 மீட்டரில் பறந்தால் 380 கிலோமீட்டரில் தென்படும் என்பதோடு ஒப்பிட, தாழப் பறப்பதால் கிடைக்கும் ஆதாயம் பெரிதுதான். ஆனால் காணப்படும் தொலைவு குறைகிறதே ஒழிய, காணாமற்போவது நிகழ்வதில்லை.

உண்மையில் மறைப்பது உயரக் குறைவு அன்று, இடையே நிற்கும் மலை. டிசிஎஸ்ஸின் சிரியா நிலவரைபடத்தில் மத்தியதரைக் கடலிலிருந்து கிழக்கே பெக்காவை நோக்கிச் செல்பவருக்கு, 3,000 மீட்டரைத் தாண்டும் லெபனான் மலைத்தொடர் பள்ளத்தாக்கின் ரேடார்களுக்கு எதிரே சுவராக நிற்கிறது. அதன் மேற்குச் சரிவை ஒட்டிப் பறப்பவர் கடைசிவரை மறைந்திருப்பார். முகட்டைத் தாண்டிய நொடியிலோ, வானத்தைப் பின்புலமாகக் கொண்டு, சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்லாக் கருவிகளுக்கும் ஒருசேரக் காட்சியளிப்பார். முகட்டின்மேல் மூக்கை உயர்த்தித் தயங்கி நிற்காமல், விமானத்தைத் தலைகீழாகப் புரட்டி, உடனே மறுசரிவுக்குள் இறக்கிவிடும் பழக்கம் இதனால் வந்தது.

தாழ்வான வானுக்குரிய வேறு எதிரிகளும் உண்டு. 1973 அரபு-இஸ்ரேல் போரில் கூப் ஏவுகணைகளுக்கு அஞ்சித் தாழ இறங்கிய இஸ்ரேலிய விமானங்களை, ரேடார் பொருத்திய நான்குகுழல் ஷில்கா பீரங்கிகள் எதிர்கொண்டன; அப்போரில் இஸ்ரேல் ஏறத்தாழ 100 விமானங்களை இழந்தது. 1991-இல் ஈராக்கிய விமானத்தளங்களைத் தாழப் பறந்து தாக்கிய பிரிட்டனின் டோர்னடோ விமானங்கள் இழப்புக்கு உள்ளானதைத் தொடர்ந்து, முதல் வாரத்துக்குப்பின் நடுத்தர உயரத்துக்கு மாற்றப்பட்டன. இவ்வளவு நடந்திருந்தும் ‘தரையோடு ஒட்டிப் போ’ என்ற அறிவுரை எல்லா நிலைக்கும் மருந்தாகப் புதியவர்களுக்குச் சொல்லப்படுவது வருந்தத்தக்கது. எவ்வகை ரேடார், எத்தகைய நிலம், எத்தனை பீரங்கிகள் என்று கேட்காமல் தரப்படும் உயரக் கணக்கு எதுவும் நம்பத்தக்கதன்று.

பக்கத்திலுள்ள ஏவுவண்டியை அடித்தால் அணி முடிந்தது என்ற நம்பிக்கை, ஒவ்வோர் அமைப்பின் உள்கட்டமைப்பையும் படிக்காததால் எழுகிறது. கூப் அணியில் தேடலையும் பின்தொடர்தலையும் ஒரே வண்டி செய்கிறது. மும்மூன்று ஏவுகணைகள் ஏந்திய நான்கு ஏவுவண்டிகள் அதை நம்பியே நிற்பதால், அந்த ஒரு வண்டி வீழ்ந்தால் நான்கும் குருடாகும். அதன் வழிவந்த பூக் அமைப்பிலோ ஒவ்வோர் ஏவுவண்டியின் முன்புறத்திலும் தனித்தனி ரேடார் உள்ளது. அங்கே தேடு ரேடாரை மட்டும் எரித்துவிட்டு நிம்மதியாக உள்ளே நுழைபவரை, எஞ்சியிருக்கும் ஏவுவண்டி தன் சொந்தக் கண்ணாலேயே கண்டு வீழ்த்தும். தோற்றத்தில் ஒத்த இரண்டு அணிகளுக்கு நேர்மாறான இரண்டு திட்டங்கள் தேவைப்படுவதைக் காட்ட இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு இல்லை.

ஏவுகணை நெருங்கும்வரை காத்திருந்து கடைசி நொடியில் திரும்பினால் தப்பலாம் என்பதற்கு வியட்நாமில் ஓர் அடிப்படை இருந்தது. ஏறத்தாழ பத்தரை மீட்டர் நீளத்தால் ‘பறக்கும் தந்திக்கம்பம்’ என்று அமெரிக்க விமானிகள் அழைத்த எஸ்-75, கூர்மையாகத் திரும்ப இயலாதது. அதை நோக்கிப் பாய்ந்து, உரிய நேரத்தில் மேலே இழுத்தவர்கள் பலர் பிழைத்தார்கள். சுறுசுறுப்பான பிந்தைய ஏவுகணைகளுக்கு இது பொருந்தாது. அவற்றின் பொறி தொடக்கத்தில் சில நொடிகளே எரிந்து ஓய்ந்துவிடுவதால், தொலைவில் இருக்கும்போதே திசையை மாற்றி, அடர்ந்த காற்றுள்ள கீழ்வானத்துக்குள் அவற்றை இழுத்து, அவற்றின் வேகத்தைச் செலவழிக்கச் செய்வதே காக்கும்.

எஞ்சியது, விமான அறையிலுள்ள ரேடார் எச்சரிக்கைக் கருவியைப் பற்றிய நம்பிக்கை. அதன் வட்டத்திரையில் குறியீடு மையத்துக்கு நெருங்கியிருப்பது தொலைவைச் சுட்டுவதாகப் பலர் வாசிக்கிறார்கள். அது காட்டுவது அலையின் வலிமையை ஒட்டிய அச்சுறுத்தலின் அளவையே, திசையும் தோராயமானதே. வெப்பத்தை நாடும் இக்லா போன்றவை ரேடார் அலையே இன்றி ஏவப்படுவதால், அவை அக்கருவிக்குத் தெரிவதே இல்லை. இதைவிட நுட்பமான பிழை, திரை வெறுமையாயிருந்தால் வானம் வெறுமை என்று கொள்வது. டிசிஎஸ்ஸில் இயல்பாக அமைக்கப்படும் ரேடார்கள் இடைவிடாது இயங்கிக்கொண்டிருப்பதால் இந்தப் பழக்கம் வளர்கிறது. ஆர்வலர்கள் எழுதிய ஸ்கைநெட் என்ற நிரலைச் சேர்த்தால், அதே அணிகள் தேவைப்படும்வரை மௌனம் காத்து, ஹார்ம் வருவதை உணர்ந்தால் அணைந்துகொள்கின்றன. கற்றுக்கொள்ள விரும்புவோர் அதனோடுதான் பழக வேண்டும். உண்மைப் போரிலும் இப்படித்தான் நடந்தது: 1999 மார்ச் 27 அன்று, ரேடாருக்கு எளிதில் அகப்படாத எஃப்-117 விமானத்தை 1960-களின் எஸ்-125 ஏவுகணை கொண்டு வீழ்த்திய, செர்பியத் தரப்பின் ஸோல்டான் டானியின் அணி, பின்தொடர் ரேடாரை ஒரு முறைக்குச் சுமார் 20 நொடிக்குமேல் இயக்காமலும், ஓரிடத்தில் நெடிது தங்காமலும் இருந்தது.

எதிர்ப்பக்கத்து இருக்கையில் அமர்ந்து பார்க்க ‘சாம் சிமுலேட்டர்’ என்ற இலவச மென்பொருள் உதவுகிறது. எஸ்-75, எஸ்-125 ஆகியவற்றின் இயக்க அறைகளை, ரஷ்ய எழுத்துப் பொறித்த பொத்தான்களோடு அது காட்டுகிறது. அந்த அறையில் அலைபரப்பியின் ஆற்றலை அலைவாங்கிக்குச் செலுத்தாமல், வெளியே எதையும் வீசாத ஒரு மாற்றுச் சுமைக்குத் திருப்பிவிடும் விசை ஒன்று உண்டு. ரேடார் முழுவதும் சூடேறி, இயங்கிக்கொண்டே காத்திருக்கும். வெளியே வானில் எந்த அலையும் இராது. மேலே பறப்பவரின் எச்சரிக்கைத் திரை வெறுமையாகவே இருக்கும். தொலைவிலுள்ள தேடு ரேடார் தந்த திசைக்கு அலைவாங்கியைத் திருப்பி வைத்திருக்கும் இயக்குநர், விமானம் எல்லைக்குள் வந்தபின் அந்த விசையை ஒருமுறை திருப்பினால் போதும்.