சிறுவர்க்கு உண்டாகும் தட்டணுக் குறைவு

வடக்கனந்தலில் ஒரு சிறுவன், சளிக்காய்ச்சல் நீங்கிச் சில வாரங்களுக்குப் பின் கால்களெங்கும் செம்புள்ளிகளோடு நிற்கின்றான் எனக் கொள்வோம். மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,50,000க்குக் குறையாதிருக்க வேண்டிய தட்டணுக்கள் அவனுக்கு 20,000ஐயும் எட்டவில்லை. கிருமியை எதிர்க்க எழுந்த உடற்காப்பு ஆற்றல் தட்டணுக்களையே பகையெனப் பற்ற, மண்ணீரல் அவற்றை அழிக்கின்றது. (டெங்குவாலும் எண்ணிக்கை குறையும், காய்ச்சல் இருப்பின் அதனை முதலில் ஆராய்க.)

பிரெட்னிசோலோன் மலிவானது, ஒரு வாரத்திற்கு மேற்படாமல் கொடுக்கப்படுவது. 1981இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இம்பாக் என்பார் கண்ட இம்யூனோகுளோபுலின் ஊசி ஓரிரு நாளில் எண்ணிக்கையை உயர்த்தும், விலையோ மிகுதி. 1916இல் தோன்றிய மண்ணீரல் நீக்கம் இன்று சிறுவர்க்கு அரிதினும் அரிது.

ஆயினும் அமெரிக்க இரத்தவியல் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு நெறி, புள்ளிகள் மாத்திரமே எனின் மருந்தின்றிக் கவனித்திருத்தலையே சிறந்ததென்கிறது. எண்ணிக்கைக்கன்று, இரத்தப்போக்குக்கே மருந்து. வாயிலும் மூக்கிலும் இரத்தம் கசியின் பிரெட்னிசோலோனை முற்படுத்துகிறது. பெரும்பாலான சிறுவர் ஓராண்டுக்குள் தாமே தேறுவர்.

யாம் தயங்குவது ஓரிடத்திலேதான். கல்வராயன் மலைச் சிற்றூரினின்று கள்ளக்குறிச்சிக்கு இரவில் இறங்குதல் எளிதோ? தொலைவிலுள்ளார் பிள்ளையை மருத்துவமனையிலேயே வைத்துக் கவனித்தல் நலமென அந்நெறியும் இசைகின்றது. வீட்டில் வைத்திருப்போர் ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் கொடுத்தலாகாது, மரமேறவும் விடலாகாது. கடுந்தலைவலியோ, நில்லாத இரத்தமோ கண்டால் விடியுமட்டும் காத்திராது புறப்படுக.