போப் அய்யர் கல்லறையும் ஒரு பாடத் திருத்தமும்

மர்பி டவுனில் என்னிடம் மாலை வகுப்பில் தமிழ் படித்த பிள்ளைகளுள் மூத்தவர்கள் இன்று நாற்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். அவர்களில் சிலராவது இந்த இதழைப் படிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். முக்கியமாக அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பயணக் கட்டுரை போலத் தொடங்கினாலும் இது ஒரு பிழை திருத்தம்தான்.

கடந்த டிசம்பரில் நானும் என் துணைவியாரும் மகளைப் பார்க்க லண்டன் சென்றோம். "குளிர்காலத்திலா போகிறீர்கள்?" என்று அல்சூர் கடைத்தெருவில் கேட்காதவர் இல்லை. பேத்திக்குப் பள்ளி விடுமுறையும் மாப்பிள்ளைக்கு விடுப்பும் அப்போதுதான் சேர்ந்து வந்தன. கம்பளி, காலுறை, மங்கி குல்லா என்று ஒரு பெட்டி முழுக்கக் கட்டிக்கொண்டு போனோம். குல்லாவுடன் ஆயாவைப் பார்த்த பேத்தி விமான நிலையத்திலேயே சிரிக்க ஆரம்பித்தவள், வீடு போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை.

குளிரைவிட எங்களைத் திணறடித்தது இருட்டுத்தான். இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருக்கிறது. டிசம்பர் 21-ஐ ஒட்டி வடபாதி சூரியனுக்கு அப்பால் சாய்ந்து நிற்கிறது. பெங்களூர் 13 பாகை வடக்கே இருப்பதால், அன்றும் நண்பகலில் சூரியன் நமக்கு 53 பாகைக்கு மேல் உயர்ந்து நிற்கும். பகலும் பதினோரு மணி நேரத்துக்குக் குறையாது. லண்டனோ 51½ பாகை வடக்கே இருக்கிறது. அங்கே நண்பகலிலும் சூரியன் 15 பாகைதான் ஏறுகிறது. காலை எட்டு மணிக்கு உதித்து மாலை நான்கு அடிப்பதற்குள் மறைந்துவிடுகிறது. "காபி டம்ளரைக் கழுவி வைக்கிறதுக்குள்ள விளக்கு வைக்கிற நேரம் வந்துடுதே" என்றார் துணைவியார். குளிர்காலத்தில் போகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: எதைப் பார்ப்பதானாலும் காலையிலேயே கிளம்பிவிட வேண்டும். கிறிஸ்துமஸ் நாளில் ரயிலே ஓடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கிரீனிச்சில் தீர்க்கரேகைக் கோட்டின் மேல் காலை இருபுறமும் வைத்து எல்லோரையும் போலப் படம் எடுத்துக்கொண்டோம். ஹாரோவில் இருக்கும் துணைவியாரின் சித்தப்பா மகளை இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தோம். அக்காளும் தங்கையும் கன்னடமும் உருதும் கலந்த நம் பேட்டைத் தமிழில் பேசத் தொடங்கி இரவு ஒரு மணிக்குத்தான் ஓய்ந்தார்கள். ஈஸ்ட் ஹாமில் காய்கறிக் கடை வைத்திருந்த யாழ்ப்பாணத்து அன்பர், நாங்கள் பெங்களூர் என்று சொன்னதும், "அங்கயும் தமிழ் ஆக்கள் இருக்கினமோ?" என்று வியந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வருத்தமும்தான்.

ஒரு நாள் ரஸ்ஸல் சதுக்கத்தின் அருகே லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டு, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளிக்குப் போனோம். அங்கே ஒரு திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1996-இல் திறக்கப்பட்டது. நம் அல்சூர் ஏரிக்கரைச் சிலையோ 1991-இலேயே நிறுவப்பட்டும் பதினெட்டு ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. நம் வள்ளுவர் துணிக்குள் இருந்த காலத்தில் லண்டன் வள்ளுவர் பனியில் நனைந்துகொண்டிருந்தார் என்று பேத்திக்குச் சொன்னேன். அப்போதுதான் வழக்கமான என் பாடமும் வாயில் வந்துவிட்டது.

"இந்தக் குறளை முழுவதும் இங்கிலீஷில் எழுதியவர் போப் அய்யர். ஆக்ஸ்ஃபோர்டில் அவர் கல்லறை இருக்கிறது. 'இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்' என்று அதில் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்."

முப்பது ஆண்டுகளாக நான் சொல்லி வந்த வரி இது. விமானத் தொழிற்சாலையில் வேலை முடிந்து வந்து, பக்கத்து வீட்டுக் கூடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடம் நடத்தியது நினைவிருக்கும். ஆங்கிலப் பள்ளியிலும் கன்னடப் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு 'தமிழ் எதற்கு?' என்ற கேள்வி வரும்போதெல்லாம் இந்தக் கல்லறையைத்தான் நான் எடுத்துக் காட்டுவேன். வெள்ளைக்காரரே அப்படிச் சொல்லிக்கொண்டார் என்றால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

"போகலாமா தாத்தா?" என்றாள் பேத்தி.

புத்தாண்டு கழிந்து, பள்ளி திறப்பதற்கு முன் ஒரு நாள் இருட்டிலேயே கிளம்பி, விக்டோரியாவிலிருந்து பேருந்தில் ஆக்ஸ்ஃபோர்டு சென்றோம். வழியில் அவளுக்குப் போப்பின் வரலாற்றைச் சொன்னேன். உங்களுக்கும் ஒருமுறை நினைவூட்டுகிறேன். ஜார்ஜ் அக்லோ போப் 1820 ஏப்ரல் 24 அன்று பிறந்தார். பத்தொன்பது வயதில், 1839-இல் சென்னை வந்து சேர்ந்தார். இராமானுசக் கவிராயரிடம் தமிழ் பயின்றார். சாயர்புரம், தஞ்சாவூர், உதகமண்டலம் என்று பள்ளிகளை நடத்தினார். கண்டிப்பானவர், பிரம்பைத் தாராளமாகப் பயன்படுத்தியவர் என்ற பேரும் உண்டு. 1871-இல் பெங்களூர் பிஷப் காட்டன் பள்ளியின் தலைமைப் பொறுப்புக்கு வந்து ஏறத்தாழப் பத்தாண்டு இங்கே இருந்தார். நம் பேட்டையிலிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய இடம். பிறகு இங்கிலாந்து திரும்பி, ஆக்ஸ்ஃபோர்டில் தமிழும் தெலுங்கும் கற்பித்தார். திருக்குறள் மொழிபெயர்ப்பு 1886-இலும் நாலடியார் 1893-இலும் வெளிவந்தன. திருவாசகம் 1900-இல், அவருக்கு எண்பது நிறைந்தபோது வந்தது.

திருவாசகத்தைப் பற்றி அவரே முன்னுரையில் சொல்லும் செய்தி ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டிடம், இந்த வேலையை முடிக்கத் தமக்கு ஆயுள் இருக்குமோ என்று தயங்கினாராம். பெரிய வேலை ஒன்றைக் கையில் வைத்திருப்பதே நீண்ட நாள் வாழும் வழி என்ற பொருளில் ஜோவெட் தைரியம் சொன்னாராம். ஜோவெட் 1893-இல் மறைந்தார். நூலை முடித்துக் கையில் எடுத்த பிறகும் போப் எட்டாண்டு வாழ்ந்தார்.

ஆக்ஸ்ஃபோர்டு நகரில் முதலில் கண்ணில் பட்டது பழைய இந்தியக் கழகக் கட்டடம். அதன் உச்சியில் காற்றுத் திசை காட்டியாக ஓர் அம்பாரி யானை நிற்கிறது. "கோயில் யானையை எங்கே கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறாங்க பாருங்க" என்றார் துணைவியார். அங்கிருந்து நடந்து, வால்டன் தெருவில் ஒரு சந்துக்குள் திரும்பினால் செயின்ட் செபல்கர் இடுகாடு. 1848-இல் தொடங்கப்பட்டது. இப்போது மரமும் புல்லும் சூழ்ந்த அமைதியான இடம். தரையெல்லாம் நனைந்த சருகு, வழுக்கியது. துணைவியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். யார் யாரைத் தாங்கினோம் என்று சொல்வது கடினம். ஜோவெட்டின் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது. நாய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு மூதாட்டியிடம் விசாரித்தோம். "தமிழ் ஆளா?" என்று கேட்டுவிட்டு நேராகக் கொண்டுபோய் நிறுத்தினார். நம்மவர்கள் அடிக்கடி வருகிறார்கள் போலும்.

பேத்தி குனிந்து, சருகைக் கையால் தள்ளிவிட்டு, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். எல்லாம் ஆங்கிலம். படித்து முடித்து நிமிர்ந்தாள்.

"தாத்தா, ஸ்டூடன்ட் எங்கே இருக்கு?"

நான் சுற்றி வந்து பார்த்தேன். பின்புறமும் பார்த்தேன். வேறு கல்லறையோ என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். "பேரு போட்டிருக்குதுங்க, வேற யாரு?" என்றார் துணைவியார் மெதுவாக. பன்னிரண்டு வயதுப் பெண்ணின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவள் கேலி செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை. "யாராவது உங்களுக்குத் தப்பாச் சொல்லிட்டாங்களா தாத்தா?" என்று எனக்காகக் காரணம் தேடினாள்.

மேடைப் பேச்சில் கேட்டதுதான். ஆனால் 'தமிழிலேயே எழுதியிருக்கிறது' என்பது நான் சேர்த்துக்கொண்டது. எந்த ஆண்டு, எந்த வகுப்பில் சேர்த்தேன் என்று நினைவில்லை. ஒரு பிள்ளை கண்ணை விரித்துக் கேட்டிருக்கும். அடுத்த வாரம் அது பாடமாகியிருக்கும். அதை அவளிடம் அங்கேயே சொல்லிவிட்டேன்.

கல்லில் உள்ளது இதுதான். போப்பின் பெயரை அடுத்து, 'தென்னிந்தியாவைச் சேர்ந்தவர்' என்ற பொருளில் சொற்கள் இருக்கின்றன. பல்கலைக்கழகத்தில் தமிழும் தெலுங்கும் கற்பித்தவர், பேலியல் கல்லூரியின் குருவாக இருந்தவர் என்ற விவரமும், பிறந்த நாளும், 1908 பிப்ரவரி 11 என்ற மறைந்த நாளும் இருக்கின்றன. கீழைநாட்டு இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாள் முழுதும் உழைத்ததைப் போற்றி, அவருடைய குடும்பத்தாரும் தென்னிந்தியாவிலுள்ள தமிழ் நண்பர்களும் சேர்ந்து இந்தக் கல்லை வைத்ததாக முடிகிறது.

"அந்த ஃப்ரெண்ட்ஸ் பேரு போடலையே" என்றாள் பேத்தி. போடவில்லைதான். பெயர் தெரியாத அந்த நண்பர்களைப் பற்றியே பேருந்தில் திரும்பும்போது கேட்டுக்கொண்டு வந்தாள். எப்படிப் பணம் அனுப்பினார்கள், கப்பல் தபாலிலா, இங்கே வந்து கல்லைப் பார்த்தார்களா? மாணவன் கதையைப் பற்றி அவள் அதன் பிறகு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மணி நான்கரைகூட ஆகவில்லை, சன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. துணைவியார் குல்லாவை இழுத்துவிட்டுக்கொண்டு தூங்கிப்போனார்.

இனி, என்னிடம் படித்தவர்களுக்கு. உங்கள் பழைய குறிப்பேடு வீட்டில் எங்காவது கிடந்தால் எடுங்கள். 'போப் அய்யர்' பாடத்தில் இரண்டு திருத்தங்கள். முதல் வரியில் 'இங்கிலாந்தில் பிறந்தார்' என்று எழுதச் சொல்லியிருப்பேன், அதுவும் தவறு. இன்றைய கனடாவிலுள்ள பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்தார் என்று மாற்றுங்கள். கடைசி வரியில் கல்லறை வாசகமாக நான் சொன்னதை அடித்துவிட்டு, 'குடும்பத்தாரும் தமிழ் நண்பர்களும் வைத்த கல்' என்று எழுதிக்கொள்ளுங்கள். குறிப்பேடு இல்லாதவர்கள், அந்தக் கதையை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லியிருந்தால், இன்று இரவு சாப்பாட்டின்போது இதைச் சொல்லிவிடுங்கள். தாத்தாவாகிவிட்ட வாத்தியார்தான் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டார் என்றே சொல்லுங்கள்.